வெறும் மணி

அத்தியாயம் 14

கடிதத்தை அப்பா படித்துவிட்டார் என்பது சனிக்கிழமை காலையில்தான் தனுஜாவுக்குத் தெரிந்தது.

பதுளைத் திருச்சபை அலுவலகத்திலிருந்து வந்த அந்தக் கடிதத்தை ஒரு வாரமாக அவள் தன் கைப்பைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். செம்மலைத் தேயிலைத் தோட்டத்து ஆலயத்தில் வழிபட ஆள் இல்லை. நிவாரண வேலையோ சிறப்பாக நடக்கிறது. ஆகவே உட்காரும் வாங்குகளை எடுத்துவிட்டுத் தையல் இயந்திரங்கள் போட்டு, கட்டடத்தை முழுநேரச் சேவை நிலையமாக்கலாம் என்று எழுதியிருந்தது. நிலையத்தின் பொறுப்பாளர் செல்வி தனுஜா. அங்கே ஆராதனை நடத்திவரும் அவளுடைய அப்பா, உபதேசியார் இராசையாவுக்கு ஓய்வு. முடிவெடுக்கும் முன் ஒருவர் நேரில் வந்து பார்த்து அறிக்கை தருவார்.

அந்த ஒருவர் அவளுடைய அண்ணன் நிமலன். பதுளை அலுவலகத்தில் எழுதுவினைஞர். உன் ஊர்தானே, நீயே போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருந்தார்கள்.

அப்பா கடிதத்தை நான்காக மடித்துத் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைத்திருந்தார். பக்கத்தில் புதுக் கயிறு ஒன்று சுருண்டு கிடந்தது.

"என்னாப்பா இது?"

"மணிக்கு."

"மணிக்கா?"

"மூணு மணிக்கு அடிக்கப் போறேன். ஜெபத்துக்கு." கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் கடிதத்தின் மேலேயே வைத்தார். "வழிபட ஆள் இருக்கா இல்லையான்னு உங்க அண்ணன் பாத்து எழுதிட்டுப் போகட்டும்."

அந்த மணியை இப்போது யார் எதற்கு அடிக்கிறார்கள் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். முன்பெல்லாம் அப்பா உதவி கொடுத்தது மணி இல்லாமல்தான். மூன்று வருஷத்துக்கு முன் மண் சரிந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயம் புதைந்தபோது, சனங்களைக் கூப்பிட வேறு வழியில்லாமல் அவள்தான் மணியை அடித்தாள். வந்தவர்களுக்கு அரிசியும் பாயும் கிடைத்தன. பிறகு கூரைத் தகரம், பால்மா, பள்ளிக் கொப்பி, மூக்குக்கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் மணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆராதனைக்கு அடித்தபோது அறுபது பேர் பையோடு வந்து நின்றார்கள். அன்றோடு ஆராதனைக்கு மணி அடிப்பதை அவர் நிறுத்திவிட்டார். மிஞ்சியிருந்த நாலைந்து வேதக்காரக் குடும்பங்கள் கடிகாரத்தைப் பார்த்து வந்தன. அவர்களிலும் பாதிப் பேர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"அப்பா, ஜெபத்துக்குன்னு லயத்துல ஒரு வார்த்தை சொல்லி வச்சிட்டு வரட்டா?"

"வேணாம். மணிக்கு நான் அர்த்தம் சொல்லிக்கிட்டு அலையணுமா?"

"பையோட வருவாங்கப்பா."

"வரட்டும்."

சமையலறையில் அம்மா ஞானப்பூ கடலை களையும் சத்தம் கேட்டது. ஆலயத்தில் என்ன நடந்தாலும் அம்மா கடலை அவித்துவிடுவாள். அப்பா அங்கே திரும்பாமலேயே சொன்னார்.

"அதுவும் வேணாம்."

"பிளேன்டியாவது போடவா?"

"ஒண்ணும் வேணாம். இன்னைக்கு ஒண்ணுமே குடுக்கக் கூடாது."

களையும் சத்தம் நின்றது.

*

பத்து மணி பஸ்ஸுக்கு அண்ணனைக் கூட்டிவர அவள் கொஸ்லந்தைக்கு இறங்கினாள். பஸ் இன்னும் வரவில்லை. நிறுத்தத்துக்கு எதிரே ஸப்ரானின் கடை. கயிறு, கடுதாசி, போட்டோ கொப்பி எல்லாம் அங்கேதான்.

"என்ன மிஸ், இன்டைக்கி மணியாமே?"

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நேத்து ஐயா வந்து கயிறு வாங்கிட்டுப் போனாரு. மணிக்குக் கயிறு வாங்கினா மணி அடிக்கத்தானே." அவர் இயந்திரத்தைத் தட்டிக் காட்டினார். "காலையிலேயே பேப்பர் போட்டு வெச்சி ஈக்கேன். இப்பவே பதினாறு பேர் ஐடி கார்டு கொப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. என்ன குடுக்கப் போறீங்க, பால்மாவா?"

"இன்னைக்கு ஒண்ணும் குடுக்கலைங்க. ஜெபம் மட்டுந்தான்."

ஸப்ரான் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"மெய்யாவா?"

"மெய்தான்."

"எங்கட பள்ளியில பாங்கு சொன்னா தொழுகைன்னு சின்னப் பிள்ளைக்கும் தெளிவு. உங்கட மணிதான் மிஸ் கொழப்பம்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "தப்பா நினைக்க வேணாம். ஜெபத்துல என்ன செய்வீங்க? நான் ஒரு நாளும் கண்டதில்லை. சாமான் பிரிக்கிறதை மட்டுந்தான் கண்டீக்கேன்."

சொல்லலாம் என்று வாயெடுத்தாள். பாட்டு, வாசிப்பு, பிரசங்கம் என்று ஒழுங்குமுறைதான் நினைவில் வந்தது. அவர் கேட்டது அதுவல்ல என்று தெரிந்தது. பஸ் வந்து அவளைக் காப்பாற்றியது.

நிமலன் குடையோடும் ஒரு காகிதக் கோவையோடும் இறங்கினான். தோட்டப் பாதையில் ஏறும்போது கோவையைத் திறந்து காட்டினான். அச்சடித்த படிவம். கொஞ்சம் ஏற்கனவே நிரப்பியிருந்தான்.

"கட்டடத்தைப் பத்திப் போன மாசம் வந்தப்ப பாத்ததை வச்சு எழுதிட்டேன். பாரு."

'பின்னறைக் கூரை மூன்று தகரம் அளவுக்குத் திறந்து கிடக்கிறது. மூன்று வருடமாகத் தறப்பாள் விரிப்பு மட்டும். உபதேசியாரின் கவனக்குறைவு.'

"அண்ணே, அது காத்துல போனது."

"காத்துல போனா திரும்பப் போட மாட்டாங்களா? நீ தோட்டம் முழுக்கத் தகரம் குடுத்த. சொந்தக் கோயிலுக்கு மூணு கிடைக்கலையா?"

"நான் எத்தனையோ தடவை சொன்னேன். வந்தது சனங்களுக்குன்னுட்டாரு."

நிமலன் மூச்சு வாங்க நின்றான். எதிர் மேட்டில் ஆலயத்தின் பச்சைக் கூரையும் அதில் ஒட்டுப் போட்டதுபோல் நீலத் தறப்பாளும் தெரிந்தன.

"எனக்கு மட்டும் அப்பாவுக்கு எதிரா எழுத ஆசையா? ஆனா இந்தக் கட்டம் இருக்கு பாரு. 'வழிபாடு நடைபெறுகிறதா: ஆம், இல்லை.' பொய் எழுத முடியாது தனு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பால்மா இருக்கா ஸ்டோர்ல?"

"அறுபது பொட்டலம். புதன்கிழமைக்கு வச்சிருக்கு."

"அதை இன்னைக்குக் குடுத்தா என்ன? ஜெபம் முடிஞ்சதும் தருவோம்னு ஒரு வார்த்தை சொல்லு. கோயில் நிறையும். நானும் கண்ணால கண்டதைத்தான் எழுதுவேன்."

ஸ்டோர் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. ஏறும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே வந்தது.

*

மூன்று மணிக்கு மணி அடித்தது.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். புதுக் கயிறு கைக்குப் பழகாததால் முதல் இரண்டு அடி தடுமாறியது, பிறகு சீராகியது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. அடித்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பலிபீடத்துக்கு முன்னால், வாசலைப் பார்த்து நின்றார்.

முன்வாங்கில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆராதனை நேரத்தில் அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்து தனுஜா பார்த்ததே இல்லை. எப்போதும் பின்னால் அடுப்படியில்தான் இருப்பாள். இன்று கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானை நுனியைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிஷம் போயிற்று. வாசலில் ஒருவரும் இல்லை.

ஆனால் வெளியே ஆள் சத்தம் இருந்தது. நிமலன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். அவன் முகத்தில் சிரிப்பும் அழுகையும் இல்லாத ஏதோ ஒன்று.

"அப்பா, வந்திருக்காங்க. ஐம்பது பேருக்கு மேல இருக்கும்."

"உள்ள வரச் சொல்லு."

"இந்தப் பக்கம் இல்லப்பா. ஜன்னல் பக்கம்."

பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. தனுஜா சாமான் கொடுப்பது அதன் வழியாகத்தான். சனங்கள் வழக்கப்படி அந்த ஜன்னலிலிருந்து சுவரோரமாக வரிசை பிடித்திருந்தார்கள். உள்ளே நாலு பேர். வெளியே ஐம்பது பேர். நடுவில் ஒரு சுவர்.

அப்பா நடந்து போய் ஜன்னலைத் திறந்தார். சட்டென்று ஐந்தாறு கைகள் உயர்ந்தன. ஒவ்வொரு கையிலும் ஐடி கார்டு கொப்பி.

"மணி..." என்று தொடங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னைக்கு மணி அடிச்சது கும்பிடுறதுக்கு. வாசல் அந்தப் பக்கம். உள்ள வாங்க."

வரிசையில் ஒரு முணுமுணுப்பு பின்பக்கம் வரை ஓடியது.

"கும்பிட்ட பொறகா ஐயா குடுப்பீங்க?"

"இன்னைக்கு ஒண்ணும் குடுக்கலம்மா."

"அப்ப எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க, அதுக்கு வாறோம்."

"ஏன்டி, குடுக்கலைங்கிறாரு."

"குடுக்கலைன்னா கயிறு எதுக்கு வாங்கினாராம்?"

சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பில்லை. அரை நாள் வேலை முடித்துவிட்டு, ஈரத்தில் நின்றுகொண்டிருப்பவர்களின் சிரிப்பு.

"தனு." நிமலன் அவள் காதருகில் சொன்னான். "இப்ப சொல்லிடு. அப்பாவுக்காக."

பால்மாப் பெட்டிகள் ஜன்னலுக்குப் பக்கத்து ஸ்டோரில்தான். ஒரு வார்த்தை போதும். அவள் ஜன்னலை நெருங்கியபோது வரிசையில் இருந்த முகங்கள் அவளைக் கண்டு தெளிந்தன. மிஸ் வந்துட்டாங்க என்று யாரோ சொன்னார்கள்.

அப்பா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவர் கண்கள் அவளைத் தடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. அதுதான் அவளை நிறுத்தியது. இந்த ஜன்னலில் சனங்களுக்குக் கொடுப்பதுபோல, அவளும் அவருக்கு எதையோ கொடுத்து அனுப்பிவிடத்தானே பார்க்கிறாள்? ஒரு கோயில் நிறைய ஆள். வாங்கிக்கொண்டு அவர் போய்விடலாம்.

"ஐயா சொன்னதுதாங்க," என்றாள். "பால்மா புதன்கிழமை. இன்னைக்கு ஜெபம் மட்டுந்தான். இஷ்டப்பட்டவங்க வாங்க."

வரிசை கலைந்தது. கொப்பிகளை மடித்துச் சட்டைக்குள்ளும் ரவிக்கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்கள். செருப்புச் சத்தம் பாதையில் இறங்கித் தேய்ந்தது. அப்பா ஜன்னலைச் சாத்தினார். கொக்கி போடக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நிமலன் கோவையைத் திறந்து மடியில் வைத்தான். பேனாவின் மூடியைக் கழற்றினான்.

அப்போதுதான் வாசலில் ஒரு குரல்.

"ஐயா, உள்ள வரலாங்களா?"

கீழ் லயத்து ரெங்கம்மா. கொழுந்து எடுப்பவள். இருபது வருஷமாக மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பவள். கையில் மடித்த உரப்பை.

"வாங்க ரெங்கம்மா," என்றாள் அம்மா, யாரும் பேசுமுன்.

ரெங்கம்மா வந்து வாங்கில் உட்காராமல் நடுவில் நின்றாள்.

"ஐயா, மெய்யா இன்னைக்கு ஒண்ணும் குடுக்கலையா?"

"இல்லம்மா."

"நல்லதாப் போச்சு. அப்ப இன்னைக்குக் கேக்கலாம்."

"என்ன கேக்கணும்?"

"நீங்க எதுக்குக் குடுக்குறீங்க?"

பின்னறைத் தறப்பாள் காற்றில் அடித்தது.

"எத்தனையோ வருஷமாக் குடுக்குறீங்க. எதுக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நாங்களும் கேட்டதில்ல. கேட்டா நிறுத்திப்புடுவீங்களோன்னு பயந்தான். இன்னைக்குத்தான் நிறுத்த ஒண்ணும் இல்லையே."

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. தனுஜாவுக்கு அது தெரியும். அரிசியைக் காட்டி ஆளை மதம் மாற்றுகிறார்கள் என்று வெகு காலத்துக்கு முன் தோட்ட அலுவலகத்துக்கு ஒரு புகார் போயிற்று. அன்று அப்பா ஒரு முடிவெடுத்தார். கொடுக்கும் இடத்தில் கடவுள் பெயரை எடுப்பதில்லை. யாரையும் விலைக்கு வாங்கிய பழி வேண்டாம். நேர்மையான முடிவுதான். அந்த நேர்மை இத்தனை வருஷத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டதோ என்று இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"மத்ததை விடுங்க," என்றாள் ரெங்கம்மா. "என் வீட்டுத் தகரத்தைச் சொல்லுங்க. மண் சரிஞ்ச அன்னைக்கு என் கூரையும் பிச்சுக்கிட்டுப் போனப்ப, விடியக்காலையில மூணு தகரம் சுமந்துக்கிட்டு வந்தீங்கல்ல? எங்கிருந்து வந்ததுன்னு கேட்டதுக்கு, மேலிடத்துல இருந்துன்னீங்க."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏழு நாளைக்கு ஒருக்கா எங்களுக்கு மேல்மலையில கொழுந்து. அங்க நின்னு குனிஞ்சு பாத்தா ரெண்டும் தெரியும். எங்க லயத்துக் கூரை பூராத் துருப் புடிச்சது, நடுவுல மூணு பச்சை. இந்த வேதக்கோயில் கூரை பூராப் பச்சை, பின்னால மூணு தகரத்துக்குப் பொத்தல். மூணு வருஷமா வாரா வாரம் பாக்குறேன். சாமி வீட்டுக் கூரையைப் பிரிச்சு எனக்கு எதுக்குப் போட்டீங்க? நான் உங்க ஆளும் இல்ல."

தனுஜா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா," என்றாள். "காத்துல போச்சுன்னீங்களே."

அப்பா முதல் வாங்கின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். அவர் ஏதோ பிரசங்கம் தொடங்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். கைகூட அந்தப் பாவனையில் உயர்ந்தது. பிறகு முழங்காலுக்கே திரும்பிவிட்டது.

"அன்னைக்கு விடியக்காலையில பின்னறையில முழங்கால் போட்டேன். ஜெபம் பண்ணலாம்னு. தகரத்துல மழை கொட்டுது. கண்ணை மூடினா, கூரை இல்லாம நீங்க நிக்கிறீங்க. கண்ணைத் தொறந்தா மேல தகரம். ஒரு வார்த்தை வரல. எழுந்திரிச்சு ஏணியை எடுத்தேன்."

"அதை ஏங்க மறைச்சீங்க? நல்ல காரியந்தானே?" என்றாள் ரெங்கம்மா.

"நல்ல காரியந்தான். ஆனா ஜெபம் வராமப் பண்ணின காரியம். வெக்கமா இருந்துச்சு."

"அதுக்கப்பறம் வந்துச்சுங்களா?"

வேறு யாரும் அவரிடம் இப்படிக் கேட்டிருக்க முடியாது. சபையில் இருப்பவர்களுக்குக் கேட்கத் தோன்றாது. வெளியில் இருப்பவளுக்குத்தான் தோன்றும். ரெங்கம்மாவின் முகத்தில் குற்றம் கண்டுபிடிக்கும் சாயல் ஏதும் இல்லை. அறிய வேண்டும் என்ற ஆவல் மட்டும்.

"சபையில ஜெபம் சொல்றேன்தான்," என்றார் அப்பா. "வாய்ப்பாடமா வரும். தனியா அந்த அறைக்குள்ள போனா மேல பாக்கத் தோணுது. ரெங்கம்மா வீடு ஒழுகாம இருக்கான்னு நினைப்பு ஓடுது. அதோட முடிஞ்சிடுது."

அம்மாவின் விரல்கள் முந்தானையில் அசையாமல் நின்றன. முப்பத்தைந்து வருஷம் அவரோடு இருந்தவள் அதை இப்போதுதான் கேட்கிறாள் என்று தெரிந்தது.

தனுஜாவுக்கு வேறொன்று உறைத்தது. அப்பா தொலைத்ததைச் சொல்கிறார். அவளோ அப்படி ஒன்றைத் தேடியதே இல்லை. கைநிறைய வேலை இருந்தது; அதுவே போதும் என்று இருந்துவிட்டாள். ஸப்ரான் காலையில் கேட்டபோது வாயடைத்தது அதனால்தானா? அது உள்ளே எப்படித்தான் இருக்கும்? முதல் தடவையாக அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"இப்பப் பண்ணிப் பாருங்களேன்," என்றாள் ரெங்கம்மா.

"என்னது?"

"ஜெபந்தான். மாரியம்மனை எப்படிக் கும்பிடுறதுன்னு எனக்குத் தெரியும். இங்க எப்படின்னு தெரியாது. நான் மாற வரல ஐயா, இப்பவே சொல்லிப்புட்டேன். சும்மா பாத்துட்டுப் போறேன். என் கூரைதான் ஒழுகலையே, அந்த நினைப்பு இனி எதுக்கு உங்களுக்கு?"

சொல்லிவிட்டு, பால்மா போட்டுக்கொண்டு போகக் கொண்டுவந்த உரப்பையை உதறி விரித்து, ஈரத் தரையில் அதன்மேல் உட்கார்ந்தாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலும் பிறகு மறுகாலுமாக, முழங்காலிட்டார்.

ஒரு வார்த்தையும் வரவில்லை.

தனுஜா கண்ணை மூடவில்லை. அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை அசையவில்லை. ஆனால் அவர் எழுந்திருக்கவும் இல்லை. தறப்பாள் அடித்துக்கொண்டது. அம்மா வாங்கிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

நிமலன் படிவத்தில் 'கவனக்குறைவு' என்ற சொல்லை அடித்தான். அந்த இடத்தில் எழுத வேறு சொல் கிடைக்கவில்லை. கீழே இருந்த 'ஆம், இல்லை' கட்டத்துக்கு வந்து பேனாவை நிறுத்தினான். அறிக்கை திங்கட்கிழமை காலையில் மேசைக்குப் போக வேண்டும்.

கீழே ரோட்டில் நாலே முக்கால் பஸ் ஹோர்ன் அடித்தது. அவன் பதுளைக்குத் திரும்ப, பண்டாரவளைக்குக் கடைசி பஸ் அதுதான். இரண்டாம் தடவையும் அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

வாசலுக்கு வெளியே பனிக்குள் பேச்சுக் குரல்கள். திரும்பிப் போனவர்களில் சிலர், ரெங்கம்மா இன்னும் இறங்கி வரவில்லையே என்று மேலே ஏறி வந்திருந்தார்கள்.

"உள்ள என்னாடி நடக்குது?"

"தெரியல. எல்லாரும் சும்மா இருக்காங்க."

"ரெங்கம்மாவுக்கு என்னா குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கல. பையை விரிச்சு உக்காந்திருக்கா."

"ஒண்ணும் குடுக்கலைன்னா அவ ஏன் இன்னும் உக்காந்திருக்கா?"

கொஞ்ச நேரம் கழித்து, யாரோ படியில் செருப்பைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது.